பழுக்கும் மாதம்

ராஸ்பெரிச் செடி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நடப்போகிற இடம் எது என்றுதான். ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், பரணிபுத்தூர் என்று பதில் வந்தால் விற்க மாட்டேன். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். அந்தப் பேச்சு சீக்கிரம் முடியாது.

என் நர்சரி மவுண்ட்-பூந்தமல்லி சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே இருக்கிறது. பஸ் டிப்போவைத் தாண்டினால் வயல் கண்ணில் பட்ட காலத்தில் தொடங்கியது. அப்போது விற்றதெல்லாம் தென்னங்கன்று, மா ஒட்டு, எலுமிச்சை, வாசலுக்குச் செம்பருத்தி, குரோட்டன்ஸ். இப்போது வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள், சாலை நடுவே மெட்ரோ தூண்கள். வருகிறவர் கையில் போன், போனில் ஒரு பழத்தின் படம். இவர்களில் சிலர் மலையில் இரண்டாவதாக ஒரு வீடு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு ரோஜா வைக்கக் கூப்பிட்டதில் தொடங்கி, மலைத்தோட்ட வேலை என் பிழைப்பில் பாதியாகிவிட்டது. ராஸ்பெரி எனக்குப் பழக்கமானது அந்த வழியில்தான்.

இங்கே ஏன் விற்பதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் கூரியரில் வரவழைத்த செடி சென்னையில் நன்றாகவே தளிர்க்கும். ஜனவரியில் புது இலை விரியும்போது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மார்ச் கடைசியில் இலை ஓரம் காப்பித்தூள் நிறத்தில் கருகத் தொடங்கும். நிழலில் நகர்த்தி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவார்கள். மே மாதம் தண்டு அடியில் கறுத்துப்போகும். வெயில் கொன்றது என்று நினைப்பார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி ராத்திரியின் வேலை. 20 டிகிரியைச் சுற்றிய பகலில் நன்றாக உணவு தயாரித்து, குளிர்ந்த இரவில் அதைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கிற செடி இது. நம் ஊரில் மே, ஜூன் இரவுகள் 28 டிகிரியை ஒட்டியே நிற்கின்றன. பகலில் சம்பாதித்ததை அது ராத்திரியில் மூச்சு விட்டே தீர்த்துவிடுகிறது. பழத்துக்கு வைக்க ஒன்றும் மிஞ்சாது. வேரோ சூடான ஈர மண்ணில் அழுகும். தண்ணீரைக் கூட்டக் கூட்ட அழுகல்தான் கூடும்.

அவர்களை வெறுங்கையோடும் அனுப்புவதில்லை. மல்பெரி கொடுப்பேன், இல்லையென்றால் ஃபால்சா. இரண்டும் இந்த வெயிலுக்குப் பிறந்தவை, இரண்டும் புதுத் தளிரில் காய்ப்பவை. மல்பெரியை இடுப்பு உயரத்துக்கு வெட்டி இலையை உருவிவிட்டால், புதிதாக வரும் தளிரோடு பூவும் பிஞ்சும் சேர்ந்தே வரும். ‘ராஸ்பெரி’ என்று பெயர் சொல்லி டப்பாவில் விற்கிற கறுப்புப் பழம் பல இடங்களில் மல்பெரிதான். கண்டுபிடிப்பது சுலபம். மல்பெரியில் சின்னதாகப் பச்சைக் காம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நிஜ ராஸ்பெரியைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும், பழம் உள்ளே குழிவாகக் கையில் வரும். அந்தக் குழிதான் அதன் அழகு, அதன் பலவீனமும் அதுவே. நான்கு பழத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அடிப்பழம் நசுங்கும். அதனால்தான் கடைப்பழம் அவ்வளவு விலை, அதனால்தான் தோட்டத்திலேயே வேண்டும் என்று மனிதர்கள் ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசை.

போரூரில் மருத்துவராக இருக்கும் ஓர் அம்மா, கோத்தகிரியில் வீடு கட்டியவர், அந்த ஆசையோடு வந்தார். வான்கூவரில் தங்கை வீட்டுத் தோட்டத்தில் பறித்துச் சாப்பிட்டிருக்கிறார். ரகத்தின் பெயரையும் எழுதி வாங்கி வந்திருந்தார்: டுலமீன்.

“இதே ரகம்தாங்க வேணும். இந்த ருசி வேற எதுலயும் இல்ல.”

“ருசி இருக்கும்மா. ஆனா அது உங்க தோட்டத்துல கண்ணு முழிக்காது.”

“கோத்தகிரி குளிர்தானே? எங்க வீட்ல ஜனவரில ஹீட்டர் போடுறோம்.”

இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். குளிர்ப் பிரதேசத்துச் செடிக்குக் குளிர் வேண்டும், மலையில் குளிர் இருக்கிறது, ஆகவே வளரும் என்று கணக்குப் போடுகிறார்கள். எத்தனை குளிர், எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்று கேட்பதில்லை. அதற்குச் செடியின் உடம்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராஸ்பெரியின் வேர் பல வருடம் வாழும். மேலே நிற்கும் தண்டுக்கு ஆயுசு இரண்டு வருடம். முதல் வருடம் மண்ணிலிருந்து பச்சையாகக் கிளம்பி ஆள் உயரம் வரும். குளிர்காலத்தில் இலை உதிர்த்துப் பழுப்பாகித் தூங்கும். இரண்டாம் வருடம் அந்தப் பழுப்புத் தண்டின் பக்கக் கணுக்களிலிருந்து சிறு கிளைகள் வந்து, பூத்து, காய்த்து, தண்டு செத்துப்போகும். அதற்குள் வேரிலிருந்து அடுத்த தலைமுறை பச்சைத் தண்டுகள் மேலே வந்திருக்கும். டுலமீன், பாய்ன், நோவா, ஸ்காட்லாந்தில் டண்டீ அருகே உருவான ‘கிளென்’ வரிசை எல்லாம் இந்தச் சாதி. கோடைக்காய்ப்பு ரகங்கள் என்று நான் சொல்வேன். இன்னொரு சாதி, முதல் வருடத்துப் பச்சைத் தண்டின் நுனியிலேயே பூத்துவிடும். அவை முதன்முதலில் பேர் வாங்கிய நாடுகளில் இலையுதிர் காலத்தில் காய்த்ததால் அவற்றுக்கு இலையுதிர்க்காய்ப்பு என்று பெயர். நமக்கு அந்தப் பெயரால் பயன் இல்லை. புதுத்தண்டுக்காய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்.

கோடைக்காய்ப்பு ரகத்தின் தூங்கும் கணு விழிக்க வேண்டுமானால், அது குளிரில் கிடந்த மணி நேரம் ஒரு கணக்குக்கு வர வேண்டும். பூஜ்யத்துக்கும் 7 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் எத்தனை மணி நேரம் என்று எண்ணுவார்கள். இந்தச் சாதியில் பல ரகங்கள் 800 மணிக்கு மேல், சில அதைவிட மிக அதிகமாகக் கேட்கும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியிலேயே ஜனவரி விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் அந்தக் குளிர். பத்து மணிக்கு வெயில் ஏறிப் பகல் 20 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தப் பகல் வெப்பம், ராத்திரி சேர்த்த குளிர்க் கணக்கில் ஒரு பகுதியை அழித்தும்விடும். கோத்தகிரி அதைவிட நானூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. இன்னொன்று, பகல் நீளம். கனடாவில் டிசம்பர்ப் பகல் சுருங்கிச் செடிக்குத் தூங்கு என்று சொல்லும். நம் மலைகள் பூமத்தியரேகைக்கு 11 டிகிரி வடக்கே இருக்கின்றன. டிசம்பருக்கும் ஜூனுக்கும் பகலில் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. செடிக்குத் தூக்கமும் சரியாக வராது, விழிப்பும் சரியாக வராது. அப்படிப்பட்ட தண்டைக் கொடைக்கானல் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். நுனியில் இரண்டு கணு தளிர்த்திருக்கும், நடுவில் ஒரு முழம் மொட்டையாக நிற்கும், கீழே ஒரு கணுவில் நான்கு பூ. மருத்துவர் அம்மாவிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். அவர் டுலமீனை மறந்தது அதற்குப் பிறகுதான்.

மலைக்கு வேண்டியது புதுத்தண்டுக்காய்ப்பு. அது தூங்கி எழ வேண்டிய அவசியமே இல்லை. தண்டு கிளம்பும், வளரும், நுனியில் பூக்கும். ஹெரிட்டேஜ் என்ற ரகம் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1969இல் வந்தது. ஆட்டம் பிளிஸ் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங்கில் உருவாகி 1980களில் வந்தது. அறுபது வயதை நெருங்கும் ஹெரிட்டேஜை இன்னமும் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: தண்டு விறைப்பாக நிற்கும், பழம் கெட்டியாக இருக்கும், வேரிலிருந்து கன்று தாராளமாக வெடிக்கும். ஆட்டம் பிளிஸின் பழம் பெரிது, கொஞ்சம் முந்தியும் பழுக்கும், ஆனால் மிருது. நன்கு பழுத்த பிறகு ஒரு நாள் தவறினாலும் கையில் குழையும். வாரக் கடைசியில் மட்டும் மலைக்குப் போகிறவர்களுக்கு அதை நான் தருவதில்லை. மெக்சிகோவின் ஹலிஸ்கோ, மிச்சோகன் மேட்டு நிலங்களில் இந்தச் சாதியை வைத்துத்தான் வெப்ப மண்டலத்து ஓரத்தில் ராஸ்பெரி ஏற்றுமதியே நடக்கிறது. நீலகிரியில் நடக்காமல் இருக்கக் காரணம் இல்லை.

இங்கேதான் என் தொழிலின் முக்கியமான கேள்வி வருகிறது. பழம் எந்த மாதம் பழுக்க வேண்டும்? பூவின் நிறம், பழத்தின் அளவு, இனிப்பு எல்லாம் பிறகு. மழையில் பழுக்கிற ராஸ்பெரி ராஸ்பெரியே இல்லை. ஒரு சாயங்காலம் தூறல், மறுநாள் மூட்டம். அதற்கு அடுத்த நாள் காலை பழத்தின் ஒரு மணியில் தூசி படிந்தாற்போல் சாம்பல் நிறம் தெரியும். விரலால் தொட்டால் புகை மாதிரி பறக்கும். அது சாம்பல் பூஞ்சாணம். மூன்று நாளில் கொத்து முழுதும் பரவும், பக்கத்துக் கொத்துக்கும் போகும். வீட்டுத்தோட்டத்தில் சாப்பிடும் பழத்தின்மேல் மருந்தடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆக, மழை இல்லாத மாதத்துக்குப் பழத்தைத் தள்ளுவதுதான் மருந்து.

நீலகிரி ஒரே மலை இல்லை, மழையை வைத்துப் பார்த்தால் இரண்டு மலை. மேற்கே அவலாஞ்சி, குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து கொட்டும். கிழக்கே குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் பெரிது. இரண்டுக்கும் பொதுவாகக் காய்ந்த மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. புதுத்தண்டுக்காய்ப்பு ரகத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிட்டால் அன்றிலிருந்து கடிகாரம் புதிதாக ஓடும். கோத்தகிரியில் ஆகஸ்ட் கடைசியில் கவாத்து. செப்டம்பரில் புதுத்தண்டு வெடிக்கும். வடகிழக்கு மழை முழுவதையும் அது இலை வளர்க்கப் பயன்படுத்திக்கொள்ளும். புத்தாண்டை ஒட்டிப் பூ, பிப்ரவரியில் பழம். டிசம்பர்க் குளிர் வளர்ச்சியை மெதுவாக்குவதால் பழம் ஒரேயடியாகப் பழுத்துத் தீராமல் மார்ச் வரை இழுக்கும். கோடைக்காய்ப்பு ரகத்தில் இப்படி மாதத்தை நகர்த்த நம் கையில் எதுவும் இல்லை. ருசியில் ஒரு படி குறைந்தாலும் நான் ஹெரிட்டேஜ் பக்கம் நிற்பது இதனால்தான்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே தோட்டத்துக்குள் இரண்டு குளிர்காலம் உண்டு. ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, சாண்டிநல்லா பக்கம் ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது அதனால். மேட்டில் உள்ள தேயிலை பச்சையாக நிற்க, பள்ளத்துத் தேயிலை கருகியிருப்பதை யாரும் பார்க்கலாம். பூத்திருக்கும் ராஸ்பெரி ஒரே ஒரு உறைபனி ராத்திரியில் அந்தப் பூவை இழந்துவிடும். நடுச்சரிவில், காலை வெயில் படும் கிழக்கு முகத்தில், மேட்டுப்பாத்தி எடுத்து நடுவேன். வேர் தண்ணீரில் நின்றால் அழுகும், சரிவும் மேட்டுப்பாத்தியும் சேர்ந்தால் மழைத்தண்ணீர் நிற்காது. நீலகிரி மண் புளிப்பு அதிகம். தேயிலைக்கு அது பிடிக்கும், ராஸ்பெரிக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். மண் பரிசோதனை செய்து, பி.எச். 5-ஐ ஒட்டி இருந்தால் டோலமைட் சேர்த்து 6-க்குப் பக்கத்தில் கொண்டுவருவேன். முன்பு உருளைக்கிழங்கு போட்ட பாத்தியில் நடுவதில்லை. கிழங்குக்கு வரும் வாடல் பூஞ்சாணம் மண்ணிலேயே தங்கி ராஸ்பெரியையும் பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மண் ஒட்டிய வேரோடு ஒரு செடிகூட என் வண்டியில் கீழே இறங்காது.

மலைத்தோட்டத்தில் கடைசியாக ரகத்தைச் சோதிப்பது கரடி. கோத்தகிரியில் பழவாசனை பிடித்து வீட்டு வாசல் வரை வரும். வேலியோரம் அழகாக இருக்கும் என்று ராஸ்பெரியை வரிசையாக வைக்கச் சொல்வார்கள். வீட்டுச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள், விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் மட்டுமே வைப்பேன். பழம் பழுத்ததும் அன்றன்றைக்குப் பறித்துவிட வேண்டும், விழுந்த பழத்தைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தோட்டக்காரர் உள்ளூர்க்காரராக இருந்தால் இதைச் சொல்லவே தேவையில்லை, அவரே எனக்குச் சொல்லுவார்.

செடி எங்கே வாங்குவது என்பது அடுத்த தலைவலி. பெட்டிக்குள் ஈரத்துணியில் சுற்றி வெளிநாட்டிலிருந்து தண்டு கொண்டுவந்து, “யாருக்கும் தெரியாதுங்க” என்று நீட்டியவர்கள் உண்டு. நான் தொடுவதில்லை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, முன்அனுமதியும் அந்த நாட்டின் சுகாதாரச் சான்றும் இல்லாமல் செடி, தண்டு, வேர் எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாது. மீனம்பாக்கத்தில் அதற்கென்றே நிலையம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ராஸ்பெரியில் வைரஸ் நோய் பல உண்டு. நோய் பிடித்த தண்டு முதல் வருடம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு பழம் மணி மணியாக உதிரத் தொடங்கும், நோய் அக்கம்பக்கத்துக்கும் பரவும். திசு வளர்ப்பில் வந்த, மலையிலேயே ஒரு வருடம் பழகிய செடியாக, ரகப் பெயரை உறுதியாகச் சொல்லக்கூடிய மலை நர்சரியில் வாங்குவதுதான் என் வழக்கம். பெயர் தெரியாத செடியை எந்த மாதத்தில் வெட்டுவது என்று முடிவு செய்ய முடியாது, அதனால் பெயர் தெரியாவிட்டால் விலை பாதியானாலும் வேண்டாம்.

நான் சொல்வதில் புதிது எதுவும் இல்லை. குன்னூரில் சிம்ஸ் பூங்காவை ஒட்டி இருக்கும் பழவியல் நிலையம் 1920இல் தொடங்கியது. பேரி, பிளம், பீச் எல்லாவற்றையும் அங்கே வளர்த்துப் பார்த்து, எது குறைந்த குளிரில் பூக்கும், எது பூக்காது என்று பிரித்திருக்கிறார்கள். கொடைக்கானலில் ஆப்பிளுக்கு அதே வேலை நடந்தது. பார்லின்ஸ் பியூட்டி, ஐரிஷ் பீச் போன்ற பெயர்களை மலை நர்சரிக்காரர்கள் இன்றும் வாயில் வைத்திருக்கிறார்கள். காஷ்மீரில் பழுக்கும் சிவப்பு ஆப்பிளை இங்கே கொண்டுவர முடியாது என்று ஒப்புக்கொண்டு, சுமாரான நிறமானாலும் நம் குளிரில் காய்ப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். மே மாதப் பழக்கண்காட்சிக்கு சிம்ஸ் பூங்கா போகிறவர்கள் பழத்தில் செய்த யானையோடும் மயிலோடும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே நூறு வருடம் தாண்டிய ரகப் பரிசோதனை ஒன்று இருக்கிறது என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ராஸ்பெரியே வேண்டாம், வேலை வைக்காத ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு மலையிலேயே பிறந்த இரண்டு உறவுகள் இருக்கின்றன. ஒன்று மஞ்சள் பழம். தண்டு முழுக்கச் செம்பட்டை மயிர் போர்த்தியிருக்கும், இலை மும்மூன்றாக வட்டமாக இருக்கும், பழம் பறித்தால் ராஸ்பெரி மாதிரியே குழிவாக வரும். இன்னொன்றின் தண்டில் திருநீறு பூசினாற்போல் வெள்ளைப் படலம். அதன் பழம் சிவந்து பிறகு கருநீலமாகும். உலகம் அதை மைசூர் ராஸ்பெரி என்று அழைக்கிறது. குளிர்க் கணக்கு எதுவும் கேட்காமல் காய்ப்பதால் வெப்ப நாடுகளுக்கெல்லாம் அதைக் கொண்டுபோனார்கள். ஹவாயிலும் கலாபகஸ் தீவுகளிலும் அது காட்டையே மூடிக்கொண்டு, பிடுங்க முடியாத களையாகிவிட்டது. மஞ்சள் பழமும் உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. நம் மலையில் இவை அந்நியர் இல்லை. குருவிக்கும் கரடிக்கும் தெரிந்த பழம், புதரோடு நிற்கட்டும். வேலிக்கு வெளியே இருப்பதை வெட்டாமல் விடச் சொல்வேன், தோட்டத்துக்குள் கொண்டுவந்து நடச் சொல்ல மாட்டேன். முள் கொக்கி மாதிரி வளைந்து பிடிக்கும், குழந்தைகள் ஓடும் இடத்துக்கு ஆகாது.

குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கும் இங்கிருந்தே யோசனை சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. வளசரவாக்கத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுக் கனடா போன யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று, அங்கே ஒன்டாரியோவின் மார்க்கம் நகரில் வீடு வாங்கியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் கொல்லைப்புறத்தைச் சுற்றிக் காட்டினார்கள்.

“அண்ணை, இஞ்ச எல்லாரும் ராஸ்பெரி வச்சிருக்கினம். கடையில ஏழெட்டு வகை கிடக்குது. எதை வாங்க?”

நான் திருப்பிக் கேட்டது: “உங்க ஊர்ல முதல் உறைபனி எப்பம்மா விழும்?”

அக்டோபர் தொடக்கத்தில் என்றார்கள். அந்த ஒரு பதிலில் பாதித் தேர்வு முடிந்துவிட்டது. நமக்கு மழை செய்வதை அங்கே உறைபனி செய்கிறது. ஹெரிட்டேஜ் அங்கே ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ பழுக்கத் தொடங்கும். மார்க்கத்தில் ஒரு மாதம் பறிக்கலாம், பிறகு மிச்சக் காய் பனியில் போகும். இன்னும் வடக்கே, மேற்கே, வினிபெக் போன்ற ஊர்களில் செப்டம்பர் முடிவதற்குள் பனி வந்துவிடும். அங்கே ஹெரிட்டேஜ் வைத்தால் பச்சைக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவர்களுக்குப் பாய்ன்தான் சரி. வினிபெக் இருக்கும் அதே மானிடோபா மாநிலத்தின் மோர்டன் ஆராய்ச்சி நிலையம் 1960இல் வெளியிட்ட ரகம் அது. மைனஸ் முப்பதைத் தாங்கி நிற்கும், ஜூலையிலேயே பழுத்துவிடும். பழம் சிறிது, நிறம் கறுப்புச் சிவப்பு, ஜாமுக்கு நல்லது. நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில்லில் உருவாகி 1981இல் வந்த நோவா, மார்க்கம் மாதிரி இடத்துக்கு அதைவிடப் பொருத்தம். முள் குறைவு, பழம் கெட்டி.

தண்டு குளிரில் சாவது பற்றி அந்தக் குடும்பத்துக்கு நான் விளக்கிய ஒன்றை இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நம் மலைக் கணக்கு அங்கே தலைகீழாகிறது. ஆழமான குளிரைவிட ஆடுகிற குளிர்தான் கோடைக்காய்ப்பு ரகத்தைக் கொல்கிறது. குறைந்த குளிரில் தூக்கம் தெளிகிற ரகம் ஜனவரிக்குள்ளேயே தன் கணக்கை முடித்துக்கொண்டு காத்திருக்கும். ஜனவரி நடுவிலோ பிப்ரவரியிலோ நாலைந்து நாள் பனி உருகி வெயிலடித்தால் கணு ஏமாந்து நீர் பிடிக்கும். அடுத்த வாரம் மைனஸ் இருபது வந்தால் தண்டு நுனியிலிருந்து பட்டுப்போகும். அதிகக் குளிர் கேட்கும் ரகம் அந்தப் போலி வெயிலில் அசையாது. கோத்தகிரியில் எதைக் குறை என்று தள்ளினேனோ, அதுவே அங்கே காப்பு. டுலமீனுக்கு ஒன்டாரியோவின் குளிர்காலம் கடினம். கடல் காற்றில் மிதமாக இருக்கும் வான்கூவரில் அது சுகமாக இருக்கும். மருத்துவர் அம்மாவின் தங்கைக்கு அது பொருந்தியது ஊர் பொருந்தியதால்தான்.

மார்க்கத்துக்கு நான் சொன்ன முடிவு: வேலியை ஒட்டிய வரிசையில் நோவா, ஜூலைக்கு. பின்னேரம் வெயில் படும் செங்கல் சுவர் ஓரம் ஹெரிட்டேஜுக்குப் பதில் அதைவிட முந்திப் பழுக்கும் ஆட்டம் பிளிஸ் ஒரு வரிசை, ஆகஸ்ட் நடுவுக்கு. குளிர்காலம் முடியும்போது அந்த வரிசையை மட்டும் தரையோடு வெட்டிவிடுங்கள். வெட்டிவிடுகிற தண்டு குளிரில் செத்தாலும் நஷ்டம் இல்லை. இரண்டு வரிசையையும் கலக்க விடாதீர்கள். வேர்க்கன்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடிவிட்டால் பிறகு எதை வெட்டுவது, எதை விடுவது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் தினம் பறிக்க ஆள் இருப்பதால் மிருதுவான பழத்தைப் பற்றிக் கவலை இல்லை. போன ஆவணியில் அங்கிருந்து படம் வந்தது. அவர்களுடைய அம்மா சேலைத் தலைப்பில் பழத்தை ஏந்தி நிற்கிறார்.

மருத்துவர் அம்மா இப்போது மஞ்சள் ராஸ்பெரி ஒன்றும் வேண்டும் என்கிறார், பேரக்குழந்தைகளுக்காக. ஃபால்கோல்ட் என்ற ரகம், புதுத்தண்டில் காய்ப்பதுதான். பழம் மிக மிருது, வெயில் நேரே அடித்தால் வெளுத்துவிடும். ஹெரிட்டேஜ் வரிசைக்குக் கிழக்கே, மதியத்துக்கு மேல் சில்வர் ஓக் நிழல் விழும் இடத்தில் ஆறு குழி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மண் பரிசோதனை முடிவு வந்ததும் டோலமைட் போட வேண்டும். ஆகஸ்ட் கடைசி வாரம் ஹெரிட்டேஜை வெட்ட எப்படியும் மேலே போகிறேன், மேட்டுப்பாளையம் வழியாக. இப்போது நீலகிரிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். மலை நர்சரியில் செடி தயாராக இருக்கிறதா என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.